கோணி நாயும் மூன்று கேள்விகளும்

அந்தக் காலத்தில், ஆட்டுக்குப் புரையேறினால்கூட "என்னை யாரோ நினைக்கிறாங்க" என்று அது வாய்விட்டுச் சொல்லும். மாடு பேசும், காக்கை பேசும், கழுதை பேச ஆரம்பித்தால் நிறுத்தவே நிறுத்தாது. நாய்களும் பேசின. ஆனால் நாய்களுக்கு ஒரு சட்டம் இருந்தது.

முன்பின் தெரியாத இரண்டு நாய்கள் எதிர்ப்பட்டால், நேருக்கு நேர் நிற்க வேண்டும். கண்ணோடு கண் பார்க்க வேண்டும். அந்த இடத்துக்குச் சொந்தமான நாய் மூன்று கேள்வி கேட்கும். "எந்த ஊரு? யாரு வீடு? யாருக்குப் பொறந்தே?" மூன்றுக்கும் பதில் சொன்னால் வந்த நாய் தன் வழியே போகலாம். சொல்லாவிட்டால் கடி. இதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது. சுங்கச்சாவடிக்காரனுக்கு வண்டிக்காரன் மேல் என்ன கோபம்? கேட்க வேண்டியது அவன் வேலை, அவ்வளவுதான்.

ஊரும் வீடும் இருக்கிற நாய்க்கு இந்தச் சட்டம் ஒரு தொந்தரவும் இல்லை. இல்லாத நாயைப் பற்றிச் சட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. சட்டம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் சொந்தமாக ஒரு வீடு இருக்கும் போலிருக்கிறது.

அப்போது முத்துராக்கு என்று ஒருத்தி நாற்பது செம்மறியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிடை போட்டுப் பிழைத்துவந்தாள். அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை அடைத்துப் போட்டால் வயலுக்கு எரு, ஆட்டுக்கு மேய்ச்சல். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. செம்மறிகளுக்கு முன்னால் நடப்பதற்கு ஒரு வெள்ளாடு வைத்திருந்தாள். அதற்குச் சிலுப்பி என்று பெயர். நாக்கு நீளம்.

ஒரு பங்குனி மாதத்தில், வற்றிப்போன கண்மாய்க்குள் ஆடுகளை இறக்கியபோது முத்துராக்கு ஒரு கோணிப்பையைப் பார்த்தாள். வாய் கட்டிக் கிடந்தது. அசைந்தது. அவிழ்த்தால் உள்ளே ஒரு பெண்நாய், ஒட்டிய வயிறும் செம்பட்டை மயிருமாக. அதன் வாயையும் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ தெரியவில்லை. கட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டியபோது அது பேசவில்லை. அவள் உள்ளங்கையைப் பத்துத் தரம் நக்கியது. பையிலிருந்து வந்ததால் கோணி என்றே பெயர் வைத்துவிட்டாள்.

கோணியைப் போல ஒரு காவல் நாய் அந்தச் சீமையில் இல்லை. நரி வரப்பைத் தாண்டுவதற்கு முன்னால் இது அங்கே நிற்கும். குட்டி தவறினால் தேடிக் கொண்டுவந்து சேர்க்கும். முத்துராக்குவுக்கோ அதற்கு மேலும் ஒன்று. பேச அவளுக்கு ஆள் இல்லாமல் இல்லை, நாற்பது ஆடும் பொழுதுக்கும் பேசிக்கொண்டுதான் இருந்தன. அவள் பேசுவதைக் கேட்க ஆள் இல்லை. கோணி கேட்டது. அவள் பேசும்போது காதை மடக்கிக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு குறை. வேற்று நாயைக் கண்டால் போதும், கோணி வேறு பிறவி ஆகிவிடும். முதுகு மயிர் சிலிர்க்கும், பல் தெரியும், எதிர்நாய் "எந்த ஊ..." என்பதற்குள் பாய்ந்துவிடும். ஆகவே முத்துராக்கு ஊருக்குள் போகாமல் சுற்றுவழியே ஆட்டை ஓட்டினாள். மூன்று மைல் வழியை ஏழு மைலாக நடந்தாள். மனுஷர் முகம் பார்த்து மாதக்கணக்கானது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கண்மாய்கள் ஒவ்வொன்றாக வறண்டு வெடித்தன. கடைசியில் உடைகுளம் என்கிற ஊரின் குளத்தில் மட்டும்தான் தண்ணீர். அந்த ஊர்க்காரர்கள் அதைச் சாத்தையா கீதாரியின் கூட்டுக்கிடைக்குத்தான் விட்டிருந்தார்கள். ஏழு பேருடைய ஆடு சேர்ந்த கிடை அது. கீதாரி என்றால் கிடைக்குத் தலைவர், அவர் சொன்னால் சொன்னதுதான்.

முத்துராக்கு போய் நின்றாள். "அண்ணே, என் ஆட்டையும் சேத்துக்கங்க. இன்னும் ஒரு வாரம் போனா ஒண்ணும் மிஞ்சாது."

சாத்தையா கெட்டவர் இல்லை. ஆனால் கோணியைப் பற்றி அவர் காதுக்கு முன்னமே வந்திருந்தது. "ஆட்டைச் சேத்துக்கறேன் தாயி. அந்த நாயை எப்படிச் சேக்குறது? இங்க எங்ககிட்ட ஆறு நாய் இருக்கு. நாய்க ஒண்ணையொண்ணு புடுங்கிக்கிட்டா ஆடு மெரண்டு கெணத்துல விழும். போன வருசம் அப்படித்தான் பதினோரு ஆட்டைப் பறிகொடுத்தேன்."

"அது நல்ல நாய்ண்ணே."

"நல்ல நாய்தான். நான் இல்லேங்கல. நாலு நாள் தர்றேன். நாலாம் நாள் எல்லாத்தையும் ஒரே பட்டியில அடைக்கிறோம். அதுக்குள்ள என் தலைநாய் மறிச்சானோட அது பழகியிருக்கணும். இல்லையா, எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விட்டுட்டு ஆட்டோட வந்து சேரு."

எடுத்த இடம் என்றால் அந்த வறண்ட கண்மாய். நாற்பது ஆடா, கோணியா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று முத்துராக்குவுக்குத் தெரியவில்லை. தெரியாததே அவளைப் பயமுறுத்தியது.

முதல் நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். கோணிக்குப் பதில் தெரியாததுதான் சங்கடம் என்று நினைத்து, பதிலைச் சொல்லிக் கொடுத்தாள்.

"எந்த ஊருன்னா என்ன சொல்லுவே?"

"உங்க ஊரைச் சொல்லுவேன் ஆத்தா."

"யாரு வீடு?"

"முத்துராக்கு வீடு."

"யாருக்குப் பொறந்தே?"

கோணி விழித்தது. "கறுப்பிக்குப் பொறந்தேன்னு சொல்லு," என்றாள் முத்துராக்கு. "கறுப்பி எங்க அப்பன் வளத்த நாய். செத்து இருபது வருசமாச்சு. ஆரு போய்க் கேக்கப்போறா?"

காலை முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கோணி ஒப்பித்தது. வெயில் ஏறுவதற்குள் முத்துராக்கு அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டி, கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, நேரே கீதாரியின் கிடைக்கு நடந்தாள்.

மறிச்சான் வழியில் வந்து நின்றது. கன்றுக்குட்டி உயரம். சட்டத்தில் எழுதியிருப்பது போலவே கால் நாலையும் ஊன்றி, கண்ணோடு கண் பார்த்தது. முத்துராக்கு கயிற்றை இழுத்துப் பிடித்தாள்.

"எந்த ஊரு?" என்றது மறிச்சான்.

கோணிக்கு ஊரும் மறந்தது, கறுப்பியும் மறந்தது. பாய்ந்தது. மறிச்சானின் காதில் பாதி கிழிந்தது. ஆடுகள் சிதறின, ஏழு பேரும் கம்போடு ஓடி வந்தார்கள். எப்படியோ இழுத்துப் பிரித்தார்கள். சாத்தையா ஒரு வார்த்தை திட்டவில்லை. "இன்னும் மூணு நாள்," என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானம் ஓர் உடைமர நிழலில் முத்துராக்கு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். சிலுப்பி வெள்ளாடு உடைக்காயை மென்றுகொண்டே பேச்செடுத்தது.

"ஆத்தா, ஒண்ணு கேக்கட்டா? கயித்துக்கு ஒரு முனையில நாய் இருந்துச்சு. இன்னொரு முனையில ஆரு இருந்தா?"

"ஏன்டி, நீ வேற."

"நான் பொறந்ததுலருந்து கயித்துல கெடந்தவ. கயிறு பேசுறது எனக்குத் தெரியும். மறிச்சானைக் கண்டதும் மொதல்ல மெரண்டது நீ. நீ இழுத்தே, கயிறு அதோட கழுத்துல போய் 'ஆபத்து ஆபத்து'ன்னு சொல்லுச்சு. அப்புறந்தான் அது பல்லைக் காட்டுச்சு."

முத்துராக்குவுக்குச் சுருக்கென்றது. வெள்ளாட்டிடம் புத்தி கேட்கும் நிலைமை வந்துவிட்டதே என்று கோபமும் வந்தது. ஆனால் உள்ளங்கையைப் பார்த்தாள். கயிறு அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. அவ்வளவு இறுக்கியதே அவளுக்குத் தெரியாது.

கோணி சற்றுத் தள்ளி மண்ணில் முகம் பதித்துக் கிடந்தது. "கோணி, சொல்லிக் குடுத்ததுதானே? ஏன் வாயில வரல?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

முகத்தைத் தூக்காமலே அது சொன்னது. "சாக்குக்குள்ள கெடந்தேன்ல ஆத்தா, அப்ப நாலஞ்சு நாய் வந்துச்சு. சாக்கைச் சுத்தி நின்னு கேட்டுச்சுங்க. எந்த ஊரு, யாரு வீடு, யாருக்குப் பொறந்தேன்னு. என் வாயைக் கட்டியிருந்துச்சே. நான் என்னத்தைச் சொல்ல? சாக்கோட சேத்துக் கடிச்சுச்சுங்க. எங்கேருந்து கடி விழுதுன்னுகூட எனக்குத் தெரியல. இப்ப 'எந்த ஊரு'ன்னு கேட்டாலே அடுத்தது கடிதான்னு ஒடம்பு சொல்லுது. அதான் நான் முந்திக்கிறேன்."

முத்துராக்கு அழுதுவிட்டாள். பதில் தெரியாத பிள்ளை என்று நினைத்துப் பாடம் நடத்தியிருக்கிறாள். அதற்குக் கேள்வியே சூடு. சூடு கண்ட பூனையை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனதும் இல்லாமல், கழுத்தில் கயிற்றையும் இறுக்கியிருக்கிறாள். "என்னை மன்னிச்சுரு சாமி," என்று அதன் தலையைத் தடவினாள். தன் நாயிடம் மன்னிப்புக் கேட்ட முதல் மனுஷி அவள்தான் என்று சிலுப்பி பிற்பாடு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாகப் போய் மறிச்சானைப் பார்த்தாள். அது கிழிந்த காதில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தது.

"மறிச்சா, ஒரு மூணு நாளைக்கு அவகிட்டக் கேக்காம இருக்கக் கூடாதா?"

"கேக்காம எப்படி ஆத்தா? எனக்கு அவ மேல வருத்தம் இல்லை. காது கெடக்கட்டும். ஆனா நேருக்கு நேர் கண்டா கேக்கணும்னு சட்டம் இருக்கே."

முத்துராக்கு யோசித்தாள். "நேருக்கு நேர் கண்டாத்தானே? பக்கத்துல பக்கமா ஒரே தெசையில நடந்து போனா?"

மறிச்சான் முன்னங்காலால் மூக்கைச் சொறிந்தது. "அதுக்குச் சட்டத்துல ஒண்ணுஞ் சொல்லல," என்றது.

"அப்பச் சரி. நாளைக்கு நீ பாட்டுக்கு உன் ஆட்டோட போ. நாங்க பாட்டுக்கு எங்க ஆட்டோட வர்றோம்."

இரண்டாம் நாள் மறிச்சான் தன் ஆடுகளோடு வடக்கு வரப்பில் போனது. இரண்டு வயல் தள்ளி, தெற்கு வரப்பில் முத்துராக்குவும் கோணியும். கயிற்றை இந்தத் தடவை அவள் கையில் சுற்றவில்லை. சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டாள். தான் இழுத்தால் விரல் வலித்துத் தனக்கே தெரியட்டும் என்று. மடியில் கொஞ்சம் கருவாடு முடிந்து வைத்திருந்தாள். கோணி அந்தப் பக்கம் பார்க்கும், காதைத் தூக்கும், உடம்பு விறைப்பதற்கு முன்னால் முத்துராக்கு "கோணி" என்பாள். திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு கருவாடு. காலையில் முப்பது தரம் அந்தப் பக்கம் பார்த்தது. சாயங்காலத்துக்குள், மறிச்சானைக் கண்டால் உடனே முத்துராக்குவின் மடியைப் பார்க்க ஆரம்பித்தது. மறிச்சான் என்றால் கருவாடு என்று அதன் மனசில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஒரு வயல் இடைவெளி. மத்தியானம் அரை வயல். அதற்கு மேல் நெருங்கியபோது கோணி நின்றுவிட்டது, காது பின்னால் போனது. முத்துராக்குவின் விரல் வலித்தது. அடடா என்று விரலைத் தளர்த்தி, பத்தடி விலகிப் போய் நடந்தாள். கோணி மூச்சு விட்டது. அடி மேல் அடி வைத்தால்தான் அம்மி நகரும், அவசரப்பட்டால் கால்மேல் விழும். மறிச்சானும் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டத்தில் இல்லாததைச் செய்கிறோமே என்ற கூச்சத்தில் அது நேராகவே பார்த்து நடந்தது.

நாலாம் நாள் வந்தது. பட்டிக்கு முள்வேலி போட்டு, ஆடு நுழைய ஒரே ஒரு வாய் விட்டிருந்தார்கள். ஏழு பேரும் சுற்றி நின்றார்கள், கையில் கம்பு. சாத்தையா வாசலுக்குப் பக்கத்தில். மறிச்சான் உள்ளே போய்த் தன் இடத்தில் நிற்க வேண்டும், பிறகு கோணி பக்கவாட்டில் வர வேண்டும். ஏற்பாடு அப்படித்தான். ஆனால் ஆட்டுக்கு ஏற்பாடு தெரியுமா? தண்ணீர் வாசனை கண்ட நாற்பது செம்மறியும் பின்னாலிருந்து நெருக்கின. முத்துராக்குவையும் கோணியையும் தள்ளிக்கொண்டு போய் வேலி வாயில் நிறுத்திவிட்டன. அங்கே, நாலடி தூரத்தில், உள்ளேயிருந்து திரும்பிய மறிச்சான்.

நேருக்கு நேர். கண்ணோடு கண்.

கோணியின் முதுகு மயிர் எழுந்தது. மறிச்சானுக்கு வேறு வழியில்லை, வாய் திறந்தது. "எந்த..."

யாரோ "புடிச்சுக்க, கயித்தைப் புடிச்சுக்க!" என்று கத்தினார்கள். முத்துராக்குவின் உடம்பில் உள்ள அத்தனை நரம்பும் இழு இழு என்றது. இழுத்தால் கோணி பாயும், பாய்ந்தால் கண்மாய். இழுக்காவிட்டாலும் பாயலாம். அவள் விரலை நீட்டினாள். கயிறு நழுவி மண்ணில் விழுந்தது.

கழுத்தில் பாரம் இல்லை என்று கோணிக்குத் தெரிந்தது. யாரும் கட்டி வைக்கவில்லை. ஓடலாம், கடிக்கலாம், எதுவும் செய்யலாம். அது எதையும் செய்யவில்லை. இரண்டு நாளாகப் பழகியபடி முகத்தை மறிச்சானிடமிருந்து திருப்பியது. மூக்கைத் தரையில் வைத்து மண்ணை மோந்தது, அங்கே என்னமோ பெரிய விஷயம் இருப்பது போல. பிறகு நேராக வராமல், ஒரு பக்கமாக வளைந்து வளைந்து நடந்தது.

"என்ன இது, கோணி கோணலாப் போகுது!" என்றார் சாத்தையா.

மறிச்சானின் வாயில் பாதிக் கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. மீதியைக் கேட்க முகம் வேண்டுமே? முகத்தைத் தேடித் திரும்பியது. கோணியும் வளைந்தது. அதுவும் வளைந்தது. இரண்டும் ஒரு வட்டமாகச் சுற்றி, ஒன்றின் மூக்கு மற்றதன் வாலடிக்கு வந்து சேர்ந்தது.

மறிச்சான் மூச்சை இழுத்தது. அங்கே எல்லாம் இருந்தது. கண்மாய்ச் சேறு இருந்தது, சணல் இருந்தது, சாக்குக்குள் கிடந்த பயம் இருந்தது. நாற்பது ஆட்டின் வாடை, முத்துராக்குவின் கை, நேற்றுத் தின்ற கருவாடு, அதற்கும் மேல், இன்றைக்குக் கடிக்க விருப்பமில்லை என்கிற சங்கதி. ஊர் பெயர் மட்டும்தான் இல்லை. அது இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. மூன்று எண்ணும் நேரம் மோந்தன. பிறகு இரண்டும் விலகி உடம்பை ஒரு உதறு உதறின. மறிச்சான் கொட்டாவி விட்டது.

சாத்தையாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏய் மறிச்சா, கேக்கலையா?"

"கேட்டாச்சு," என்றது மறிச்சான்.

"அது என்ன சொல்லுச்சு?"

"சொல்லல. தெரிஞ்சுபோச்சு."

கோணி முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டியது. விளையாட வா என்று அர்த்தம். கன்றுக்குட்டி உயரத்து மறிச்சான், ஊருக்கே கேள்வி கேட்ட மறிச்சான், கிழிந்த காதோடு குட்டிநாய் போலப் பட்டிக்குள் ஓடியது. கோணி விரட்டியது. மற்ற ஐந்து நாய்களும் ஒவ்வொன்றாகக் கோணலாக வந்து மோந்துவிட்டுப் போயின. ஒன்றும் வாயைத் திறக்கவில்லை.

முத்துராக்கு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கம்பைக் கீழே போடுங்கய்யா," என்று சாத்தையா மற்றவர்களிடம் சொன்னார். அவளிடம் வந்து, "எந்திரி தாயி. ஆடு மிதிச்சுரும். போய் உன் ஆட்டுக்குத் தண்ணி காட்டு. நாயும் வரட்டும்," என்றார்.

முத்துராக்கு எழுந்து, முந்தானையால் மூக்கைச் சிந்தி, நாற்பது ஆட்டோடும் ஒரு நாயோடும் குளத்துக்கு நடந்தாள். இந்தத் தடவை ஊர் நடுவே, நேர்வழியில்.

நாய்களுக்குள் சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? கிடைக்குக் கிடை, ஊருக்கு ஊர் போயிற்று. மோந்து பார்த்தாலே தெரிகிறதை எதற்குக் கேட்டுக் கடிபட வேண்டும் என்று எல்லா நாயும் கேள்வியைக் கீழே போட்டன. கேள்வி போனதும் பேச்சுக்கு வேலையில்லாமல் போயிற்று. சத்தம் கேட்டால் குரைக்கும், அழைத்தால் வாலாட்டும், மற்றதெல்லாம் மூக்கு பார்த்துக்கொள்ளும்.

அன்று முதல்தான், முன்பின் தெரியாத நாயைக் கண்டால் நல்ல நாய் நேராக வராமல் கோணலாக வருகிறது, முகத்தைத் திருப்பி மண்ணை மோந்துவிட்டு, பின்பக்கமாகப் போய்ச் சேதி தெரிந்துகொள்கிறது. அன்று முதல்தான், அவை கீழே போட்ட "எந்த ஊரு, யாரு வீடு, யாரு பெத்த பிள்ளை" என்ற கேள்விகளை நாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவரிடமெல்லாம் கண்ணோடு கண் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.